மண்ணுக்குள் ஒரு திருடன்

தண்ணீர் பாய்ச்சியாயிற்று. உரம் வைத்தாயிற்று. மருந்தும் அடித்தாயிற்று.

அப்படியும் பருத்திச் செடி வளரவில்லை. கொல்லை முழுவதும் அல்ல. நடுவில் ஒரு திட்டு மட்டும். அந்தத் திட்டில் செடிகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. இலை வெளுத்துவிட்டது. நடுப்பகலில் செடி தலையைத் தொங்கப் போடுகிறது. மாலையில் நிமிர்கிறது. மறுநாள் மறுபடியும் தொங்குகிறது.

சென்ற ஆண்டு அந்தத் திட்டு ஒரு களத்து அளவுதான் இருந்தது. இந்த ஆண்டு அரை ஏக்கர் ஆகிவிட்டது.

மண்ணில் சத்து இல்லை என்கிறார் ஒருவர். விதை சரியில்லை என்கிறார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்கிறாள் வீட்டுக் கிழவி. விவசாயி மறுபடியும் ஒரு மூட்டை உரம் வாங்கிப் போடுகிறார். கடன் ஏறுகிறது, செடி ஏறவில்லை.

இப்படி ஒரு திட்டைத் தங்கள் கொல்லையில் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

அந்தத் திட்டுக்குக் காரணம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திருடனாக இருக்கலாம். அவன் பெயர் நூற்புழு.

கண்ணுக்குத் தெரியாத புழு

நூல் போல மெலிந்து இருப்பதால் இதற்கு நூற்புழு என்று பெயர். ஆனால் நூலைப் பார்ப்பது போல இதைக் கண்ணால் பார்க்க முடியாது. இதன் நீளம் அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. பூதக்கண்ணாடியை விடப் பெரிய கருவி வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும்.

இதன் வாயில் ஊசி போன்ற ஒரு முள் உண்டு. அந்த முள்ளை வேரில் குத்தி, செடியின் சாற்றை உறிஞ்சும். செடி உண்ணவேண்டிய சோற்றை இது பாதி வழியிலேயே தட்டிப் பறித்துவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பருத்தி நிலங்களில் இரண்டு வகை நூற்புழுக்கள் முக்கியமானவை.

ஒன்று, வேர்முடிச்சு நூற்புழு. இது புகுந்த வேர் ஆங்காங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக ஆகிவிடும். ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். பருத்தி நிலத்தில் நிற்பதோ 5, 6 மாதம். அதற்குள் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மற்றொன்று, மொச்சை நூற்புழு என்று சொல்லலாம். இதன் பெண் புழு பருத்து மொச்சை விதை போல வளைந்திருக்கும். தலையை வேருக்குள் விட்டு, உடலை வெளியே வைத்துக்கொண்டு உறிஞ்சும். இது முடிச்சு போடாது. அதனால் வேரைப் பார்த்தாலும் சுலபத்தில் பிடிபடாது. இரண்டு திருடர்களில் இவன்தான் தந்திரக்காரன்.

1987ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு எடுத்தார்கள். உலகத்தின் முக்கியப் பயிர்களில் 100 மூட்டைக்குச் சுமார் 12 மூட்டையை நூற்புழுக்கள் கொண்டுபோகின்றன என்று அந்தக் கணக்கு சொன்னது. எலி தின்றால் தெரிகிறது. மாடு மேய்ந்தால் தெரிகிறது. இந்த 12 மூட்டை போவது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

இது புதிய வியாதி அல்ல

நூற்புழு நேற்று வந்தது அல்ல. 1901ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் தேவாலா தேயிலைத் தோட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருப்பதை பார்பர் என்ற வெள்ளைக்காரத் தாவர நிபுணர் எழுதி வைத்தார். இதே பார்பர்தான் பிறகு கோயமுத்தூரில் புதிய கரும்பு ரகங்களை உண்டாக்கும் வேலையைத் தொடங்கியவர்.

பருத்தியைப் பற்றி அதற்கும் முன்பே ஓர் உண்மை தெரிந்துவிட்டது. 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் அட்கின்சன் என்பவர் பருத்தி வாடல் நோயை ஆராய்ந்தார். அந்த நோய் ஒரு பூசணத்தால் வருவது. ஆனால் வேரில் நூற்புழு இருந்தால் நோய் பன்மடங்கு அதிகமாகிறது என்பதை அவர் கண்டார். முதல் திருடன் சுவரில் கன்னம் வைக்கிறான். அந்த ஓட்டை வழியாக இரண்டாவது திருடன் உள்ளே வருகிறான். நூற்புழுவும் பூசணமும் இப்படித்தான் கூட்டுச் சேருகின்றன.

நம் விவசாயிகள் பலர் நினைப்பது போல, பி.டி. பருத்தி இதற்குக் காவல் அல்ல. 2002ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் வந்த பி.டி. பருத்தி, காய்ப்புழுவைத் தடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. அது மண்ணுக்கு மேலே உள்ள எதிரிக்கு. மண்ணுக்குக் கீழே உள்ள எதிரியிடம் பி.டி. விதையும் ஒன்றுதான், சாதா விதையும் ஒன்றுதான்.

திருக்கோவிலூர்ச் சீமையில்

திருக்கோவிலூர் பழைய ஊர். தென்பெண்ணைக் கரையில் உள்ளது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர். கபிலர் பெயரைச் சொல்லும் குன்று இன்றும் ஆற்றுக்குள் நிற்கிறது. 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகி, திருக்கோவிலூரும் அதில் சேர்ந்திருக்கிறது.

கல்வராயன் மலையடிவாரம் தொடங்கிப் பெண்ணைக் கரை வரையில் நிலம் பலவிதம். ஏரிப் பாசனக் கழனியில் நெல். கொல்லையில் பருத்தி, மக்காச்சோளம், மல்லாட்டை, உளுந்து, மரவள்ளி. கிணறு உள்ள இடத்தில் கரும்பு.

இங்கே பருத்தி என்பது பணப் பயிர். பொங்கலுக்குத் துணி, பெண்ணுக்குச் சீர், பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம், அடகில் இருக்கும் நகை எல்லாம் பருத்தி ஏலத்தை நம்பித்தான் இருக்கின்றன. பருத்தி எடுக்கும் கூலியை நம்பிப் பல பெண்களின் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆகையால் ஒரு திட்டில் பருத்தி வாடினால் ஒரு குடும்பத்தோடு போகாது. பல குடும்பங்களைத் தொடும்.

பணப் பயிர் என்பதால்தான் தவறும் நடக்கிறது. சென்ற ஆண்டு பருத்தி. இந்த ஆண்டும் பருத்தி. அடுத்த ஆண்டும் பருத்தி. ஒரே கொல்லையில் ஆண்டுதோறும் பருத்தி வைப்பது நூற்புழுவுக்கு அன்னதானச் சத்திரம் கட்டி வைப்பது போல. அது ஏன் ஊரை விட்டுப் போகும்?

நம் பாட்டனார்கள் இப்படிச் செய்யவில்லை. கரிசல் சீமையில் ஒரு வருஷம் பருத்தி, மறு வருஷம் கம்பு அல்லது சோளம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். அவர்களுக்கு நூற்புழுவின் பெயர் தெரியாது. மைக்ராஸ்கோப் தெரியாது. ஆனால் ஒரே பயிரை ஓயாமல் வைத்தால் நிலம் சலித்துவிடும் என்று தெரியும். அந்தச் சலிப்புக்குள் நூற்புழுவும் ஒரு காரணம் என்று இன்று நமக்குத் தெரிகிறது.

பயிர் மாற்றம் எப்படி வேலை செய்கிறது?

நூற்புழு தானாக நெடுந்தூரம் போகாது. ஒரு வருஷத்தில் ஒரு கஜம் நகர்ந்தாலே அதிகம். தனக்குப் பிடித்த வேர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. பிடிக்காத வேரை நட்டுவிட்டால் அது பட்டினி கிடக்கும். முட்டை இடாது. எண்ணிக்கை குறையும். பயிர் மாற்றத்தின் இரகசியம் இவ்வளவுதான். மருந்து போட்டுக் கொல்வது அல்ல. சோற்றை நிறுத்தி ஒடுக்குவது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எதையாவது மாற்றி வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. பருத்தியை எடுத்துவிட்டுக் கத்தரி வைத்தால் அது மாற்றம் அல்ல. வெண்டை வைத்தால் இன்னும் மோசம். வெண்டையும் பருத்தியும் ஒரே குடும்பம். தக்காளி, உளுந்து, பச்சைப் பயறு, காராமணியின் பல ரகங்கள் எல்லாமே இந்த இரண்டு நூற்புழுக்களுக்கும் விருந்துதான். நமக்குப் பயிர் மாறியிருக்கிறது. புழுவுக்குப் பந்தியில் இலைதான் மாறியிருக்கிறது.

பருத்திக்கு இடையே உளுந்தை ஊடுபயிராக வைப்பது நல்ல பழக்கம். ஆனால் நூற்புழு கண்ட நிலத்தில் அது பொருந்தாது.

எந்தப் புழுவுக்கு எந்தப் பயிர்?

இதை நன்றாகக் கவனியுங்கள். முடிந்தால் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொச்சை நூற்புழு இருந்தால்: மக்காச்சோளம் வைக்கலாம். சோளம் வைக்கலாம். மல்லாட்டை வைக்கலாம். நெல் வைக்கலாம். இவற்றின் வேர் அந்தப் புழுவுக்கு ஆகாது. ஆமணக்கு வைக்கக் கூடாது. அது இந்தப் புழுவுக்கு மிகவும் பிடித்த பயிர்.

வேர்முடிச்சு நூற்புழு இருந்தால்: மல்லாட்டை வைக்கலாம். தண்ணீர் கட்டும் நெல் வைக்கலாம். மக்காச்சோளம் வைக்கக் கூடாது. பருத்தி வேரில் முடிச்சுப் போடும் புழு, மக்காச்சோளத்திலும் பெருகும். பருத்தியை விட்டு மக்காச்சோளம், அதை விட்டுப் பருத்தி என்று மாற்றும் விவசாயி, வேர்முடிச்சு உள்ள நிலத்தில் அந்தப் புழுவுக்கு இடைவெளி இல்லாமல் சாப்பாடு போடுகிறார். மிளகாய், மரவள்ளி ஆகியவையும் இந்தப் புழுவைத் தாங்கும். இவையும் வேண்டாம்.

இரண்டும் இருந்தால்: மல்லாட்டை, அல்லது தண்ணீர் வசதி இருந்தால் நெல்.

ஆக, மானாவாரிக் கொல்லைக்கு இரண்டு பூட்டுக்கும் பொருந்தும் ஒரே சாவி மல்லாட்டைதான். இதில் ஓர் அதிசயமும் உண்டு. மல்லாட்டைக்கும் வேர்முடிச்சு நூற்புழு வரும். ஆனால் அது வேறு இனம். மல்லாட்டையைத் தாக்கும் இனம் பருத்தியைத் தொடாது. பருத்தியைத் தாக்கும் இனம் மல்லாட்டையைத் தொடாது. ஒன்றின் எதிரியை மற்றொன்று பட்டினி போடுகிறது. இந்த இரண்டு பயிரும் நல்ல சம்பந்திகள்.

மல்லாட்டையால் வேறு லாபமும் உண்டு. வேரில் உள்ள முண்டுகள் காற்றிலிருக்கும் தழைச் சத்தைப் பிடித்துத் தருகின்றன. கொடி மாட்டுக்கு ஆகிறது. எண்ணெய் வீட்டுக்கு ஆகிறது. புண்ணாக்குத் தொழுவத்துக்கு ஆகிறது.

வண்டுக்குச் சிலை வைத்த ஊர்

பருத்தியை விட்டு மல்லாட்டைக்கு மாறினால் பிழைக்க முடியுமா? இந்தக் கேள்வியை நமக்கு முன்பே ஓர் ஊர் கேட்டது.

அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் என்டர்பிரைஸ் என்று ஓர் ஊர். ஊர் முழுவதும் பருத்தி. பருத்தியை விட்டால் வேறு கதி இல்லை. சுமார் 1915ஆம் ஆண்டில் அங்கே ஒரு காய் வண்டு புகுந்தது. பருத்தி அழிந்தது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். பிறகு துணிந்து மல்லாட்டைக்கு மாறினார்கள். நிலை மாறிற்று. ஊர் பருத்திக் காலத்தை விடச் செழிப்பாக ஆயிற்று.

1919ஆம் ஆண்டில் அந்த ஊர்க்காரர்கள் நடுத்தெருவில் ஒரு சின்னம் எழுப்பினார்கள். யாருக்கு? அந்த வண்டுக்கு! நீ வராமல் இருந்தால் நாங்கள் மாறியிருக்க மாட்டோம் என்று நன்றி சொல்லும் சின்னம் அது. இன்றும் இருக்கிறது. அந்த வண்டு நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பாடம் நமக்கும் உண்டு.

அதே அலபாமாவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற நீக்ரோ அறிஞர் இருந்தார். அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1896ஆம் ஆண்டில் டஸ்கிகீ பள்ளிக்கு வந்து, ஏழை விவசாயிகளின் நிலத்தைப் பார்த்தார். பருத்தி வைத்து வைத்து மண் செத்துக் கிடந்தது. மல்லாட்டை வையுங்கள், காராமணி வையுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னது மண்ணின் சத்துக்காக. சத்துக்கு இரண்டுமே நல்லவைதான். நூற்புழு உள்ள நிலத்துக்கு மட்டும் மல்லாட்டை சரி, காராமணி சரியல்ல என்று இன்றைய விஞ்ஞானம் ஒரு திருத்தம் சொல்கிறது. அதனால்தான் எந்தப் புழு என்று தெரியாமல் பயிரை மாற்றக் கூடாது என்கிறோம்.

நீலகிரி தரும் எச்சரிக்கை

வெளிநாடு எதற்கு? நம் தமிழ்நாட்டிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1961ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வேரில் ஒரு நூற்புழுவை ஜோன்ஸ் என்ற நிபுணர் கண்டுபிடித்தார். பொன் நிறமான சிறு கூடுகள் வேரில் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக் கணக்கில் முட்டை. அந்த முட்டை 20 ஆண்டுகளுக்கு மேல்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அதன் விளைவு என்ன? 1971ஆம் ஆண்டில் நீலகிரி விதைக் கிழங்கு வெளியே போகாதபடி அரசாங்கம் தடை போட்டது. ஒரு புழுவால் ஒரு மலையின் விதை வியாபாரமே முடங்கிப் போயிற்று. பிறகு 1985ஆம் ஆண்டில் குப்ரி ஸ்வர்ணா என்ற தாங்கும் ரகம் வந்தது. உருளைக்கிழங்கை ஆண்டுதோறும் வைக்காதீர்கள். முட்டைக்கோசு, காரட், பூண்டு என்று மாற்றி வைத்து, 3, 4 ஆண்டுக்கு ஒரு முறை உருளைக்கிழங்குக்கு வாருங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது.

நீலகிரி சொல்லும் பாடம் இது. நூற்புழு நிலத்துக்குள் வந்துவிட்டால் அதை அடியோடு விரட்ட முடியாது. அடக்கி வைக்கத்தான் முடியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சுலபமாக அடக்கலாம். காலம் கடந்தால் ஒரு மாவட்டமே விலை கொடுக்க வேண்டி வரும்.

மருந்து அடித்தால் போகாதா?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. மண்ணுக்கு மேலே உள்ள பூச்சியின் மேல் மருந்து படும். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் புழுவின் மேல் எப்படிப் படும்? அதற்கென்று வந்த மருந்துகள் விலை அதிகம், விஷமும் அதிகம்.

டி.பி.சி.பி. என்று ஒரு நூற்புழு மருந்து இருந்தது. உலகம் முழுவதும் விற்றார்கள். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் அந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குக் குழந்தை பிறக்கும் சக்தியே போய்விட்டது என்பது தெரிந்தது. அந்த மருந்து இந்தியாவிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. புழுவைக் கொல்லப் போய் வம்சத்தைக் கெடுத்துக்கொண்ட கதை இது.

செலவு குறைந்த துணைகள் உண்டு. வேப்பம் புண்ணாக்கு இடலாம். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் கிருமியைக் கொண்டு விதை நேர்த்தி செய்யலாம். வேர்முடிச்சு உள்ள இடத்தில் செண்டுமல்லி வைத்தால் அதன் வேர் புழுவை ஒடுக்கும். கோடை உழவு செய்து மண்ணை வெயிலில் புரட்டலாம். இவை எல்லாம் துணைகள்தான். முக்கியக் காவல் பயிர் மாற்றமே.

வேரைப் பாருங்கள்

பருத்தி திட்டுத் திட்டாக வாடினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள்.

செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் சல்லி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு எடுங்கள். ஒரு குண்டானில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள்.

வேரே வீங்கி முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சு இல்லை, ஆனால் எவ்வளவு அலசினாலும் சல்லி வேரில் மண் பொடி ஒட்டிக்கொண்டு அழுக்காகவே இருக்கிறது என்றால், மொச்சை நூற்புழுவாக இருக்கலாம். அதன் முட்டைக் குவியல் பசை போன்றது. அதில்தான் மண் ஒட்டுகிறது.

மல்லாட்டை, உளுந்து வேரில் உள்ள முண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நல்ல முண்டு. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது; வேரே வீங்கியிருக்கும்.

பிறகு மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள். வாடிய திட்டின் ஓரத்திலும் மற்ற இடங்களிலும் 10 இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், வேரை ஒட்டி மண் எடுங்கள். நன்றாகக் கலந்து கால் கிலோ எடுத்து, ஒரு கைப்பிடி சல்லி வேரையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். உரச் சத்துச் சோதனைக்கு மண்ணை உலர்த்துவோம். இதற்கு உலர்த்தக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. புழு உயிரோடு இருந்தால்தான் எண்ண முடியும். ஊர், சர்வே எண், பயிர் விவரத்தை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் நூற்புழுவுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

மூன்று ஏக்கர் உள்ளவர் என்ன செய்யலாம்?

பருத்தியை ஒரேயடியாக விட்டால் பணத்துக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி.

நிலத்தை மூன்று பங்கு ஆக்குங்கள். ஒரு பங்கில் பருத்தி. மற்ற இரண்டில் மல்லாட்டையும், புழுவுக்கு ஆகாத வேறொரு பயிரும். அடுத்த ஆண்டு பருத்தி அடுத்த பங்குக்குப் போகட்டும். ஒவ்வொரு பங்குக்கும் 2 ஆண்டு ஓய்வு கிடைக்கும். வீட்டில் ஆண்டுதோறும் பருத்திப் பணமும் இருக்கும்.

ஏன் 2 ஆண்டு? மொச்சை நூற்புழு காய்ந்த மண்ணில் சுருண்டு கிடந்து காலம் தள்ளும் சாமர்த்தியசாலி. ஒரு பருவம் மட்டும் பயிரை மாற்றினால் அது குறையும். ஆனால் அடுத்த பருத்தியிலேயே மறுபடியும் பெருகிவிடும். அரை வைத்தியம் ஆகாது.

களையையும் கவனிக்க வேண்டும். துத்தி பருத்தியின் குடும்பம். மணத்தக்காளி வேர்முடிச்சுப் புழுவுக்குப் பிடித்தது. நடுவில் மல்லாட்டையும் வரப்பில் களையும் இருந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். பருத்தி முடிந்ததும் பருத்திமாரை வேரோடு பிடுங்கிவிடுங்கள். வெட்டி விட்டால் வேர் உயிரோடு இருக்கும், புழுவும் இருக்கும்.

வாடகை டிராக்டர் அடுத்த கொல்லையிலிருந்து வந்தால், கலப்பையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக் கழுவிய பிறகு இறங்கச் சொல்லுங்கள். தானாக ஒரு கஜம் நகராத புழு, டிராக்டரில் ஏறி ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தப் பங்கில் எந்த ஆண்டு என்ன பயிர் என்று எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கும் பெண்ணிடமோ பையனிடமோ அந்த வேலையைக் கொடுங்கள். படிப்பு கொல்லைக்கும் பயன்படட்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

விவசாயிக்குச் சொல்வது சுலபம். அவர் செய்ய முடியாமல் தடுப்பது எது என்றும் பார்க்க வேண்டும்.

முதலாவது, சோதனை. 2015ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கம் மண்வள அட்டை கொடுக்கிறது. நல்ல திட்டம். அதில் தழை, மணி, சாம்பல் சத்து முதல் உப்பு வரை 12 விவரங்கள் உண்டு. ஆனால் நூற்புழுவுக்கு அதில் இடம் இல்லை. சத்து எவ்வளவு என்று சொல்லும் அட்டை, அந்தச் சத்தைத் திருடுகிறவன் இருக்கிறானா என்று சொல்வதில்லை. அதனால்தான் திருடன் இருக்கும் வீட்டில் விவசாயி மேலும் மேலும் உரத்தைக் கொண்டுபோய் வைக்கிறார். பருத்தி விளையும் கிராமங்களிலாவது நூற்புழுச் சோதனையை மண்வள அட்டையோடு சேர்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தொடங்கினால் மற்ற மாவட்டங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும்.

இரண்டாவது, விதை. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ மல்லாட்டைப் பருப்பு விதைக்கு வேண்டும். கையில் காசு இல்லாத சிறு விவசாயி இந்தச் செலவைக் கண்டுதான் பயந்து பருத்திக்கே திரும்புகிறார். பயிர் மாற்றத்துக்கு என்று மானிய விதை, பட்டம் தவறாமல் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசாங்கம் அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய். நிலக்கடலைக்கு 7,263 ரூபாய். காகிதத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அறிவித்த விலைக்கு வாங்குவதற்கு ஆள் வேண்டும். அறுவடைக் காலத்தில் விலை விழுந்தால், அந்த விலையைக் கொடுத்து வாங்க அரசாங்கம் முன்வர வேண்டும். இல்லாவிட்டால் பயிர் மாற்றம் புத்தகத்தோடு நின்றுவிடும்.

நான்காவது, குத்தகை. நிலம் சொந்தமில்லாதவர்கள் பலர் ஓர் ஆண்டுக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு நிலம் யார் கையில் இருக்கும் என்று தெரியாதவர், 3 ஆண்டுத் திட்டம் எப்படிப் போடுவார்? நிலச் சொந்தக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். குத்தகை 3 ஆண்டாக இருந்தால் குத்தகைதாரரும் பிழைப்பார், நிலமும் பிழைக்கும். நிலம் கெட்டால் நஷ்டம் சொந்தக்காரருக்கும்தான்.

பருத்தி ஏலம் நடக்கும் நாளில் விற்பனைக் கூடத்தில் நூறு விவசாயிகள் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேஜை போட்டு, ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்து, இதோ உங்கள் திருடன் என்று காட்டினால் என்ன? ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அந்த ஒரு காட்சி செய்துவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை

இலையைப் பார்த்து மருந்து அடிக்கிறோம். பூவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். காயை எண்ணிக் கடன் வாங்குகிறோம். வேரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பருவத்தில் ஒரு செடியையாவது தோண்டி வேரைப் பாருங்கள். முடிச்சும் இல்லை, அலசியும் போகாமல் ஒட்டிய மண்ணும் இல்லை என்றால் ஓரளவு நிம்மதி. இருந்தால் அது முடிவு அல்ல. இப்போதாவது தெரிந்ததே என்று தைரியம் கொள்ளுங்கள். பருத்தி உங்கள் நிலத்தை விட்டுப் போக வேண்டாம். இரண்டு ஆண்டு பக்கத்துப் பங்குக்குப் போய்வரட்டும். அது திரும்பி வரும்போது திருடன் இளைத்திருப்பான். செடி நிமிர்ந்து நிற்கும்.